அடுப்பில் வைத்த படிகம்

ஸ்படிக மாலை நம் வீடுகளுக்குப் புதிதல்ல. இராமேசுவரத்தில் விடியற்காலையில் ஸ்படிக லிங்க தரிசனம் செய்தவர்கள் நம் சங்கத்திலேயே நிறையப் பேர் இருப்பார்கள். அந்த ஸ்படிகமும், நம் கைக்கடிகாரத்தின் முகப்பில் ‘குவார்ட்ஸ்’ என்று அச்சடித்திருக்கிறதே, அதுவும் ஒரே பொருள்தான். சிலிக்கனும் ஆக்சிஜனும் சேர்ந்தது. சுத்தமான மணல் என்றே சொல்லிவிடலாம். பழந்தமிழில் இதற்குப் பளிங்கு என்று பெயர். இப்போது பளிங்கு என்றால் எல்லோரும் மார்பிள் தரையைத்தான் நினைக்கிறார்கள் என்பதால், இக்கட்டுரையில் படிகம் என்றே எழுதுகிறேன். மின்னணுக் கருவிகளில் போடுகிற படிகம் பூமியிலிருந்து தோண்டி எடுத்தது அல்ல. பெரிய எஃகு உருளைகளில், உயர்ந்த அழுத்தத்தில், காரக் கரைசலில் வாரக் கணக்கில் வளர்த்தெடுப்பது. இரண்டாம் உலகப் போர்க் காலம் வரை பிரேசில் நாட்டுச் சுரங்கப் படிகத்தைத்தான் உலகம் நம்பியிருந்தது.

இந்தப் படிகத்துக்கு ஒரு விசேஷ குணம் உண்டு. அழுத்தினால் மின்னழுத்தம் தரும். மின்னழுத்தம் கொடுத்தால் தன் வடிவத்தில் நுணுக்கமாக அசையும். 1880-ல் பிரான்சில் ழாக் கியூரி, பியர் கியூரி என்ற சகோதரர்கள் இதைக் கண்டுபிடித்தார்கள். (பின்னாளில் மேரி கியூரியை மணந்தவர் இந்த பியர்தான்.) 1920-களின் தொடக்கத்தில் வால்டர் கேடி என்ற அமெரிக்கர் படிகத்தை வைத்து மின் அலைகளை உண்டாக்கும் சுற்றை அமைத்தார். 1927-ல் பெல் ஆய்வகத்தில் மாரிசனும் ஹார்ட்டனும் முதல் குவார்ட்ஸ் கடிகாரத்தைச் செய்தார்கள். அது ஓர் அறையை அடைக்கும் கடிகாரம். இன்று அதே வேலையைச் சுவர்க் கடிகாரத்தில் அரிசி அளவுக் குழாய்க்குள் இருக்கும் படிகம் செய்கிறது. அது நொடிக்கு 32,768 முறை அதிரும். அந்த எண்ணைப் பதினைந்து முறை பாதியாக்கிக்கொண்டே போனால் ஒன்று வரும். அந்த ஒன்றுதான் நொடி முள்ளின் ஒரு ‘டிக்’.

சரி, அப்படியானால் கடிகாரம் ஏன் மாதத்துக்கு அரை நிமிடம், முக்கால் நிமிடம் தவறுகிறது? பத்து லட்சத்தில் இருபது பங்கு பிசகினால் நாளைக்கு 1.7 நொடி, மாதத்துக்கு 52 நொடி. இந்தப் பிசகுக்கு முக்கியக் காரணம் வெப்பநிலை. கையில் கட்டிய கடிகாரம் மேசை இழுப்பறையில் கிடக்கும் கடிகாரத்தைவிட ஒழுங்காக ஓடுவதற்கும் அதுதான் காரணம். நம் உடம்புச் சூடு மணிக்கட்டில் அதை ஓரளவு ஒரே வெப்பநிலையில் வைத்திருக்கிறது. நம் மணிக்கட்டே ஒரு சின்ன அடுப்பு!

இந்த அடுப்பு யுக்தியைத்தான் பொறியாளர்கள் ஆய்வகக் கருவிகளில் முறைப்படி செய்திருக்கிறார்கள். படிகத்தை ஒரு உலோகக் கட்டிக்குள் வைத்து, அந்தக் கட்டியை எப்போதும் 80 டிகிரி போல ஒரே சூட்டில் வைத்திருப்பது. இதற்கு ஓ.சி.எக்ஸ்.ஓ. என்று பெயர். பட்டறையில் நாங்கள் ‘ஓவன்’ என்றே சொல்லிவிடுவோம். அதிர்வெண் எண்ணிகள், சிக்னல் ஜெனரேட்டர்கள், டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகள், செல்போன் கோபுரங்கள் எல்லாவற்றிலும் ஒரு நெருப்புப்பெட்டி அளவிலோ சோப்புப்பெட்டி அளவிலோ இது இருக்கும். நல்ல ஓவன் நூறு கோடியில் ஒரு பங்குக்குள் நிற்கும். அதாவது கடிகாரமாக ஓட்டினால் சுமார் 32 வருடத்தில் ஒரு நொடி பிசகு.

பெங்களூரில் இருபத்தேழு வருடம் அளவுக் கருவிகளைப் பழுது பார்த்தே பிழைத்தவன் என்ற முறையில், இதைத் திருத்துவதும் பழுது நீக்குவதும் எப்படி என்று எழுதுகிறேன். நம் பிள்ளைகளில் மின்னணுவியல் படிப்பவர்கள் அநேகம். ஆனால் பழைய கருவியைத் திறந்து பார்க்கும் பழக்கம் குறைந்துகொண்டே வருகிறது. ஐம்பது ரூபாய்க்கும் பெறாத ஒரு சாமானுக்காக லட்ச ரூபாய்க் கருவி காயலான் கடைக்குப் போவதை நான் பல முறை பார்த்துவிட்டேன்.

ஏன் 80 டிகிரி?

படிகத்தை எந்தக் கோணத்தில் அறுக்கிறோம் என்பதைப் பொறுத்து அதன் வெப்ப குணம் மாறும். 1934-ல் பெல் ஆய்வகத்தில் கண்டுபிடித்த ஏ.டி. வெட்டுதான் இன்றும் மலிவான படிகங்களில் இருப்பது. 1970-களில் வந்த எஸ்.சி. வெட்டு உயர்தர ஓவன்களில் இருக்கும். எதுவானாலும், வெப்பநிலைக்கு எதிரே அதிர்வெண்ணை வரைந்தால் ஒரு மேடும் ஒரு பள்ளமுமாகக் கோடு வரும். மேட்டின் உச்சியிலோ பள்ளத்தின் அடியிலோ நின்றால், ஓரடி முன்னே பின்னே நகர்ந்தாலும் உயரம் அவ்வளவாக மாறாது அல்லவா? அந்த இடத்துக்குத் திரும்பு புள்ளி என்று பெயர். அந்த வெப்பநிலையில் படிகத்தைக் கொண்டுபோய் நிறுத்துவதுதான் ஓவனின் வேலை.

அது அறை வெப்பநிலையாக இருந்தால் என்ன, 80 டிகிரி எதற்கு என்று கேட்கலாம். ஓவனுக்குச் சூடாக்க மட்டும்தான் தெரியும். குளிர வைக்கத் தெரியாது. டில்லியில் மே மாதம் வெளியே 45 டிகிரி என்றால், அடைசலான கருவிக்குள் 60 வரை போகும். அதற்கும் மேலே இருந்தால்தான் ஓவனின் பிடி நிற்கும்.

இஸ்திரிப்பெட்டி சூடானதும் ‘டக்’ என்று அணைந்து, ஆறியதும் மறுபடி எரிகிறதே, பழைய காலத்து ஓவன்கள் அப்படித்தான் இருந்தன. படிகமும் அதற்கேற்ப ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். இப்போதைய ஓவனில் தெர்மிஸ்டர் என்ற சின்ன மணி உலோகக் கட்டியில் ஒட்டியிருக்கும். சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும். ஒரு பெருக்கி அதைக் கவனித்து, வேண்டிய அளவு மட்டும் மின்னோட்டத்தை விடும். அநேக ஓவன்களில் தனிச் சூட்டுக் கம்பியே கிடையாது. கட்டியில் திருகிய பவர் டிரான்சிஸ்டரே சூடேற்றி. கைதேர்ந்த சமையல்காரர் அடுப்புத் தணலை ஒரே சீராக வைத்திருப்பது போல, தேவை குறையக் குறைய மின்னோட்டமும் மெதுவாகக் குறைந்து ஓர் இடத்தில் நிற்கும். இந்தக் கடைசி வாக்கியத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பழுது கண்டுபிடிப்பதில் முக்கால்வாசி அதிலேயே இருக்கிறது.

முதலில் அம்மீட்டர், பிறகுதான் ஸ்க்ரூடிரைவர்

ஓர் உதாரணத்தோடு சொல்கிறேன். 2019-ல் நகரத்துக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரியிலிருந்து அழைப்பு வந்தது. ஆய்வக உதவியாளர் கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பையன்.

“சார், கவுண்டர் ஒண்ணு கண்டெம் லிஸ்ட்ல போயிடுச்சு சார். எனக்குத்தான் மனசு கேக்கல. ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போங்க.”

“என்னப்பா செய்யுது?”

“எல்லாம் எரியுது சார். ஆனா ரீடிங் நிக்க மாட்டேங்குது. ஃபேன் போட்டா ஒரு மாதிரி, நிறுத்தினா ஒரு மாதிரி.”

ஃபேன் போட்டால் அளவு மாறுகிறது என்று அவன் சொன்னதுமே எனக்குப் பாதி விளங்கிவிட்டது. காற்றுக்கு அசைகிறது என்றால் ஓவன் எரியவில்லை. படிகம் வெறும் அறைச் சூட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது.

உள்ளே இருந்தது ஹியூலெட் பேக்கார்டு 10811 வரிசை ஓவன். 1980-களிலிருந்து எத்தனையோ கருவிகளில் வந்த 10 மெகாஹெர்ட்ஸ் எஸ்.சி. வெட்டு ஓவன் இது. இன்றும் இதை மிஞ்ச ஆள் குறைவு. இதில் அலையியற்றிக்கு 12 வோல்ட், சூடேற்றிக்குத் தனியாக 20 முதல் 30 வோல்ட். சூடேற்றி இணைப்பில் அம்மீட்டரைத் தொடராகப் போட்டுப் பார்க்க வேண்டும். 20 வோல்ட்டில் குளிர்ந்த நிலையிலிருந்து தொடங்கினால் அரை ஆம்பியருக்குச் சற்றுக் குறைவாக இழுக்கும். பத்துப் பதினைந்து நிமிடத்தில் மளமளவென்று இறங்கி நூறு மில்லி ஆம்பியர் பக்கம் வந்து நின்றுவிடும். அப்படி நின்றால் ஓவன் நல்லது. ஆரம்பத்திலிருந்தே பூஜ்யம் என்றால் எங்கோ இணைப்பு அறுந்திருக்கிறது. இறங்கவே இறங்காமல் முழு மின்னோட்டமும் ஓடிக்கொண்டே இருந்தால் ஆபத்து. உடனே அணைத்துவிட வேண்டும்.

அந்தக் கல்லூரிக் கவுண்டரில் பூஜ்யம். 10811-ல் பூஜ்யம் என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது உள்ளே இருக்கும் தெர்மல் ஃப்யூஸ். சூடு கட்டுமீறினால் உருகி இணைப்பைத் துண்டிக்கவேண்டியது அது. ஆனால் வருடக் கணக்காக அந்தச் சூட்டிலேயே கிடந்து, ஒரு தப்பும் நடக்காமலேயே வயதாகி அறுந்துபோவது இதன் வழக்கம். இந்த ஓவனைத் தொட்டவர்கள் எல்லோருக்கும் தெரிந்த சமாசாரம்.

வேறொன்றும் கவனித்தேன். ஓவனின் திருத்து திருகு ஒரு கடைசிக்குப் போய் முட்டி நின்றது. யாரோ அளவைச் சரிசெய்யப் பார்த்திருக்கிறார்கள். அந்தத் திருகு முழுவதும் திரும்பினாலும் பத்து ஹெர்ட்ஸ் போலத்தான் நகர்த்தும். ஓவன் அணைந்த எஸ்.சி. படிகமோ நூறு ஹெர்ட்ஸுக்கும் மேலே குறைவாக ஓடும். எவ்வளவு திருகினாலும் எட்டாது. முட்டி நிற்கும் திருகைப் பார்த்தால், பழுது வேறு எங்கோ இருக்க, யாரோ திருகோடு மல்லுக்கட்டியிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஃப்யூஸை மாற்றி, இரண்டு நாள் சூட்டில் விட்டு, திருகை நடுவுக்குக் கொண்டுவந்து ஜி.பி.எஸ். ஒப்பீட்டில் சரிசெய்தேன். கவுண்டர் நேராகிவிட்டது. ஆனால் பையன் முகம் மாறிவிட்டது.

“சார், இப்ப ஜெனரேட்டர் எல்லாம் தப்பா காட்டுதே! நாலும் 150 ஹெர்ட்ஸ் கம்மி.”

“ஜெனரேட்டரை யார் தொட்டாங்க?”

யாரும் வேண்டுமென்று தப்பு செய்யவில்லை. கவுண்டரின் உள் கடிகாரம் மெதுவாக ஓடினால், அது ஒரு நொடி என்று நினைப்பது உண்மையில் ஒரு நொடிக்குச் சற்றுக் கூடுதல். அதற்குள் அதிக அலைகளை எண்ணிவிடும். ஆக, சரியான 10 மெகாஹெர்ட்ஸை அது 150 ஹெர்ட்ஸ் அதிகம் என்று காட்டியிருக்கிறது. ஜெனரேட்டர்தான் தப்பு என்று நினைத்து நான்கையும் கீழே இறக்கி வைத்துவிட்டார்கள். மாணவர்களின் பரிசோதனைக்கு இந்தப் பிசகு பெரிய விஷயமே இல்லை. ஆனால் பக்கத்துத் தொழிற்பேட்டையில் வாக்கி-டாக்கி பழுது பார்ப்பவர் ஒருவர், தம்மிடம் வரும் செட்டுகளை அந்த ஜெனரேட்டரை வைத்தே திருத்திக் கொண்டிருந்தார். பத்து லட்சத்தில் 15 பங்கு என்பது 150 மெகாஹெர்ட்ஸில் 2,250 ஹெர்ட்ஸ். 12.5 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் நெருக்கியடித்து இருக்கும் சேனல்களில் இது பேச்சை உடைக்கப் போதும். அவர் திருத்திய செட்டுகள் தங்களுக்குள் நன்றாகவே பேசின. கடையில் புதிதாக வாங்கிய செட்டோடு பேசினால்தான் கரகரவென்றது. ‘புது செட் சரியில்லை’ என்று இரண்டு முறை திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள்! நான்கு ஜெனரேட்டர்களையும் திருத்தி, எந்தெந்த செட்டுகள் வந்துபோயின என்று அந்தப் பையன் பதிவேட்டைப் பார்த்துக் கூப்பிட்டுச் சொல்ல ஒரு மாதம் பிடித்தது. பதிவேடு இருந்ததால் ஆயிற்று.

திறந்தபின்

ஃப்யூஸ் மாற்றுவது சொல்வதற்கு எளிது. முதலில் அது வயதாகித்தான் அறுந்ததா, உண்மையிலேயே சூடு மீறி அறுந்ததா என்று தெரியவேண்டும். தெர்மிஸ்டர் அறுந்தால் அதன் மின்தடை எல்லையில்லாமல் போகும். பெருக்கி அதைப் பார்த்து, ‘ஐயோ, ரொம்பக் குளிர்கிறது’ என்று எண்ணி முழு மின்னோட்டத்தையும் விட்டுக்கொண்டே இருக்கும். டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆனாலும் அதே கதி. இதைப் பாராமல் புது ஃப்யூஸ் போட்டால் அதுவும் கொஞ்ச நேரத்தில் போகும். ஆகவே, பழைய ஃப்யூஸின் இரு முனைகளுக்கும் தற்காலிகமாக ஒரு கம்பியைப் போட்டு, மின்னோட்ட வரம்பு வைத்த பவர் சப்ளையில் ஓட்டி, அம்மீட்டரை விட்டுக் கண்ணை எடுக்காமல் பத்து நிமிடம் பார்க்க வேண்டும். மின்னோட்டம் இறங்கினால் கட்டுப்பாட்டுச் சுற்று நல்லது. ஃப்யூஸ் மட்டும்தான் போயிருக்கிறது.

சிலர் அந்தக் கம்பியையே நிரந்தரமாக விட்டுவிடுவார்கள். ‘நாப்பது வருஷம் ஓடினதுக்கு அப்புறம் என்ன ஆகப்போகுது’ என்பார்கள். எனக்கு இதில் சம்மதமில்லை. இரவும் பகலும் மின்சாரத்தில் இருக்கும் கருவி இது. பூட்டிய அறையில் கட்டுமீறிச் சூடானால் அணைக்க ஆள் இருக்காது.

ஃப்யூஸைப் பற்றவைப்பதிலும் ஒரு சங்கடம். சூட்டுக்கு உருகுவதே அதன் பிறவிக் குணம். சால்டரிங் சூடு கால் வழியாக ஏறினால் அது வேலைக்கு வருமுன்பே உயிரை விட்டுவிடும். காலை நீளமாக விட்டு, ஃப்யூஸுக்கும் பற்றுமிடத்துக்கும் நடுவே மூக்குக் குறடால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, சட்டென்று தொட்டு எடுக்க வேண்டும். முடிந்ததும் மல்டிமீட்டரில் பாருங்கள். மூடியபின் தெரிந்துகொள்வதைவிட அது மேல்.

திறந்ததும் பெரும்பாலும் முதலில் கொட்டுவது பழைய நுரைப் பஞ்சு. பல வருடச் சூட்டில் பொடியாகியிருக்கும், அல்லது பிசினாகியிருக்கும். மூக்கைக் கட்டிக்கொண்டு, தூரிகையால் மெதுவாக எடுக்க வேண்டும், ஊதக் கூடாது. புது நுரை போடும்போது 100 டிகிரியைத் தாங்குவதாகப் பார்த்துப் போட வேண்டும். பார்சல் பெட்டியில் வரும் தெர்மாகோல் உருகிவிடும்.

ஓவன் சூடாகிறது, ஆனால் அலையே வரவில்லை என்றால் சந்தேகம் மின்தேக்கிகள் மேல். 80 டிகிரியில் எலக்ட்ரோலைட்டிக் மின்தேக்கி வற்றிப்போகும். டான்டலம் வகை ஷார்ட் ஆகும். பற்றுமிடங்களில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் வரும். பூதக்கண்ணாடி வைத்து வரிசையாகப் பார்த்துக்கொண்டு போக வேண்டியதுதான், குறுக்குவழி கிடையாது.

அதிர்வெண் திடீர் திடீரென்று தாவினால்? இரண்டில் ஒன்று. திருத்தும் மாறுமின்தேக்கியின் உள்ளே அழுக்கு இருக்கலாம். அதை இரண்டு மூன்று முறை மெதுவாக முன்னும் பின்னும் திருப்பி, பழைய இடத்துக்குக் கொண்டுவந்தால் சரியாகலாம். இல்லையேல் படிகமே தாவுகிறது. அதற்கு மருந்து கிடையாது. படிகத்தை மாற்றலாமே என்றால், ஒவ்வொரு படிகத்தின் திரும்பு புள்ளியும் கொஞ்சம் வேறு. அதற்கு ஏற்றபடி ஓவனின் வெப்பநிலையை நிர்ணயிக்கும் மின்தடையைத் தொழிற்சாலையில் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருப்பார்கள். ஆக, படிகம் மாறினால் மின்தடையும் மாற வேண்டும்.

அப்படி மாற்றுவது பொறுமைக்கான சோதனை. மின்தடையைச் சிறிது மாற்றவேண்டும், அரைமணி நேரம் காத்திருக்கவேண்டும், அதிர்வெண்ணைக் குறித்துக்கொள்ளவேண்டும், மறுபடி மாற்றவேண்டும். பத்துப் பன்னிரண்டு புள்ளிகள் கிடைத்ததும் வரைபடத் தாளில் குறித்தால் கோடு ஏறி, தட்டையாகி, இறங்குவது தெரியும். தட்டையான இடம்தான் நம் இடம். ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போய்விடும். பிள்ளைகளை உட்கார வைத்துச் செய்தால், வகுப்பில் நடத்துகிற நுண்கணிதத்தில் ‘சரிவு பூஜ்யம்’ என்பது என்ன என்று அவர்களுக்கு ஜென்மத்துக்கும் மறக்காது.

இன்னொரு வகைப் பழுது வயோதிகம். படிகத்தின் மேல் ஒட்டியிருக்கும் அணுக்கள் இடம் மாறுவதாலும், அதைப் பிடித்திருக்கும் கம்பிகளின் இறுக்கம் மெல்லத் தளர்வதாலும் வருடா வருடம் அதிர்வெண் ஒரே பக்கமாக நகர்ந்துகொண்டே போகும். பல வருடம் கழித்துத் திருகின் எல்லைக்கு வெளியே போய்விடும். அப்போது படிகத்தோடு தொடராக இருக்கும் மின்தேக்கியை மாற்றி எல்லையை இழுத்துக்கொள்ளலாம். மின்தேக்கியின் மதிப்பைக் குறைத்தால் அதிர்வெண் கூடும், கூட்டினால் குறையும். போடுவது என்.பி.ஓ. வகையாக, அதாவது சூட்டுக்கு மதிப்பு மாறாத வகையாக, இருக்க வேண்டும். வேறு எதையாவது போட்டால் படிகத்துக்குச் செய்த உபசாரம் எல்லாம் வீண்.

ஒரு எச்சரிக்கை. இந்தக் கருவிகளில் பல, முகப்புச் சுவிட்சை அணைத்தாலும் ‘ஸ்டாண்ட்பை’ நிலையில்தான் இருக்கும்; ஓவனுக்கு மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும். திறக்குமுன் பிளக்கையே பிடுங்குங்கள்.

திருத்துவது

திருத்துவதற்கு, நம் ஓவனைவிட நம்பத்தகுந்த ஒன்று வேண்டும். என் இளமையில் அது வானொலி. டில்லி தேசிய இயற்பியல் ஆய்வகம் ஏ.டி.ஏ. என்ற அடையாளத்தில் 5, 10, 15 மெகாஹெர்ட்ஸில் நேரத்தையும் அதிர்வெண்ணையும் ஒலிபரப்பிக்கொண்டிருந்தது. ரேடியோவில் அதையும் நம் அலையையும் ஒன்றாகக் கேட்டால் இரண்டும் மோதும் ‘ஊம்... ஊம்...’ என்ற ஏற்ற இறக்கம் கேட்கும். அது மெதுவாகி நிற்கும்வரை திருக வேண்டும். ஆனால் சிற்றலை மேல்வானத்தில் பட்டுத் திரும்பி வருவதால் கோடியில் ஒரு பங்குக்கு மேல் அதை நம்ப முடியாது. இப்போது அந்த ஒலிபரப்பு இல்லை. அதனால் குறையும் இல்லை. சில ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் ஜி.பி.எஸ். ரிசீவர், அணுக் கடிகாரத்தை நம் மாடிக்கே கொண்டுவந்துவிடுகிறது. நம் நாட்டு நாவிக் செயற்கைக்கோள்களில், 2023 மே மாதம் ஏவிய என்.வி.எஸ்.-01-ல், உள்நாட்டிலேயே செய்த ருபிடியம் அணுக் கடிகாரம் வைத்திருக்கிறார்கள் என்பதைப் பெருமையோடு இங்கே சொல்லிவிடுகிறேன்.

ஜி.பி.எஸ்.ஸிலும் ஒரு நுணுக்கம். அது தரும் ஒரு நொடித் துடிப்பு, துடிப்புக்குத் துடிப்பு சில பத்து நானோ நொடிகள் தடுமாறும். ஒரு நொடிக்குள் ஒப்பிட்டால், பத்துக் கோடியில் சில பங்குகள் பிசகு. அதே தடுமாற்றத்தை ஒரு நாள் முழுவதற்கும் பரப்பினால் ஒன்றுமில்லாமல் போகும். அவசரத்துக்கு நல்லது ஓவன்; நீண்ட காலத்துக்கு நல்லது ஜி.பி.எஸ். இரண்டையும் கல்யாணம் செய்து வைத்த கருவிகளும் கிடைக்கின்றன. அவை தரும் 10 மெகாஹெர்ட்ஸ் அலைதான் என் மேசையில் இப்போது மூலம்.

ஒப்பிட விலையுயர்ந்த கருவி வேண்டாம். ஒரு சாதாரண ஆஸிலாஸ்கோப் போதும். மூல அலையை டிரிகராகக் கொடுத்து, திருத்த வேண்டிய அலையைத் திரையில் பாருங்கள். இரண்டும் சமம் என்றால் படம் அசையாது நிற்கும். வலப்பக்கம் நகர்ந்தால் நம் ஓவன் மெதுவாக ஓடுகிறது; இடப்பக்கம் என்றால் வேகமாக. 10 மெகாஹெர்ட்ஸில் ஓர் அலையின் நீளம் நூறு நானோ நொடி. திரையில் ஒரு முழு அலை நகர 10 நொடி ஆனால் பிசகு பத்துக் கோடியில் ஒன்று. 100 நொடி ஆனால் நூறு கோடியில் ஒன்று. 1,000 நொடி, அதாவது கால்மணி நேரத்துக்கும் மேல், ஆனால் ஆயிரம் கோடியில் ஒன்று. அதற்கு மேல் போகப் பேராசைப்பட வேண்டாம். 10811-ன் உத்தரவாதமே, சூட்டில் நிலைத்தபின் நாளைக்கு ஆயிரம் கோடியில் 5 பங்குக்குள் நகரும் என்பதுதான்.

தொடும் முன் ஓவன் குறைந்தது இரண்டு மூன்று நாள் தொடர்ந்து எரிந்திருக்க வேண்டும். மின்னழுத்தத்தால் திருத்தும் வசதி இருந்தால் அதை நடுமதிப்பில் வைத்துவிட்டுத் திருகைத் தொட வேண்டும். பிளாஸ்டிக் ஸ்க்ரூடிரைவர்தான். கருவி எப்படி நிற்கப்போகிறதோ அப்படியே வைத்துத் திருத்துங்கள். பக்கவாட்டில் சாய்த்துத் திருத்திவிட்டு நிமிர்த்தினால், புவியீர்ப்புப் படும் திசை மாறுவதாலேயே நூறு கோடியில் சில பங்கு நகர்ந்துவிடும். நம்ப மாட்டீர்கள் என்றால் புரட்டிப் பாருங்கள்.

இதைவிட முக்கியமானது, திருத்தவே வேண்டுமா என்ற கேள்வி. ஒரு ஓவன் மாதாமாதம் எவ்வளவு நகர்கிறது என்ற கணக்கு கையில் இருந்தால், அடுத்த மாதம் எங்கே இருக்கும் என்று சொல்லிவிடலாம். திருகைத் தொட்டால் அது மறுபடி அமைதியாகச் சில நாள் ஆகும். கணக்கும் புதிதாகத் தொடங்க வேண்டும். ஆகவே வேலைக்குத் தேவையான அளவுக்குள் பிசகு இருந்தால் தொடாமல், பிசகை மட்டும் எழுதி வைப்பதே என் வழக்கம். தொட்டே தீரவேண்டும் என்றால், நகரும் திசைக்கு எதிர்ப்பக்கத்தில் கொஞ்சம் தள்ளி வைப்பேன். மேலே ஏறுகிற ஓவனைக் கொஞ்சம் கீழே வைத்தால், அது நடந்து வந்து சரியான இடத்தைத் தாண்டும்வரை ஒரு வருடமோ இரண்டு வருடமோ நிம்மதி.

ஓவனுக்கு மிகப் பெரிய எதிரி யார் என்று கேட்டால், சாயங்காலம் ஐந்து மணிக்குப் பிளக்கைப் பிடுங்கும் கை என்பேன். ஒவ்வொரு முறை ஆறிச் சூடாகும்போதும் படிகம் பழைய இடத்துக்கு அப்படியே திரும்பாது. தினம் அணைத்து எரிக்கும் ஓவனுக்கு நல்ல படிகமும் ஒன்றுதான், மட்டமான படிகமும் ஒன்றுதான். அந்தக் கல்லூரியில் கன்னடம், ஆங்கிலம், தமிழ் மூன்றிலும் ‘கழற்றாதே’ என்று எழுதி ஒட்டிவிட்டு வந்தேன். மின்வெட்டுக்குச் சின்ன யு.பி.எஸ். ஒன்று போட்டார்கள், இரண்டு வாட் சாமானுக்கு அது தாராளம்.

வீட்டில் இதற்கெல்லாம் என்ன வேலை என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. அமெச்சூர் வானொலிக்காரர்களுக்கு இன்று இது அத்தியாவசியம். 2018 நவம்பரில் ஏவிய கத்தார் நாட்டின் எஸ்ஹெயில்-2 செயற்கைக்கோளில் அவர்களுக்கென்று ஒரு தனி அலைமாற்றி இருக்கிறது. நம் ஊரிலிருந்தும் ஒரு டிஷ் ஆண்டெனாவில் கேட்கலாம். அது இறங்கும் அலை 10,490 மெகாஹெர்ட்ஸ் பக்கம். அங்கே பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலே பத்து கிலோஹெர்ட்ஸ். ஒருவர் பேச்சுக்கு மொத்த இடமே மூன்று கிலோஹெர்ட்ஸுக்குள். சாதாரண படிகத்தோடு தேடினால் ஆளைக் கண்டுபிடிப்பதற்குள் அவர் பேசி முடித்துவிடுவார்.

இந்த வேலைக்குப் புது ஓவன் வாங்க வேண்டியதில்லை. டெலிகாம் பெட்டிகளிலிருந்து கழற்றிய பழையது பெங்களூர் எஸ்.பி. ரோடிலும், மும்பை லாமிங்டன் ரோடிலும், டில்லி லஜ்பத் ராய் மார்க்கெட்டிலும் தேடினால் அகப்படும். சில 5 வோல்ட், சில 12 வோல்ட். மேலே எழுதியிருப்பதைப் பார்த்து, பிளஸ் மைனஸ் மாறாமல் கொடுக்க வேண்டும். கடையிலேயே மின்சாரம் கொடுத்துக் காட்டச் சொல்லுங்கள். பேரம் பேசிக்கொண்டே அம்மீட்டரையும் பாருங்கள். மின்னோட்டம் உயரத்தில் தொடங்கி, ஐந்து நிமிடத்தில் பாதிக்கும் கீழே இறங்கி, அங்கேயே அசையாமல் நின்றால் வாங்கலாம். இறங்கவே இல்லை என்றால் விலை எவ்வளவு குறைவானாலும் வேண்டாம். கடைக்காரர் “இப்ப சூடாயிடும் சார், இப்ப சூடாயிடும்” என்று சொல்லிக்கொண்டே இருந்தாலும் சரி.